பெருவிரல் பூட்டு

கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா. ஆங், அம்புட்டுப் போதும். மதுரைக்குத்தான? நானும் மதுரைக்குத்தேன். உசிலம்பட்டியில ஏறி இம்புட்டு நேரமும் கம்பியப் புடிச்சுக்கிட்டே வந்தேன். நீங்கதேன் மகராசி, எடம் குடுத்தீங்க.

ஒரு நிமிசம், போன் அடிக்குது. இந்தச் செருப்பக் கழட்டிக்கிறேன். காலு மேல பட்டுச்சுன்னா கோவிச்சுக்காதீங்க. எங்கிட்டுத் தூக்குறது, முன் சீட்டு இடிக்குதே... ம், தெறந்துருச்சு. ஒரு ரூவா வந்துருக்கு. அதப் பெறகு சொல்றேன்.

என்னக்கா அப்படிப் பாக்குறீங்க? எனக்குப் புத்தியெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. கைப்புள்ளைய மடியில போடுற மாதிரி காலத் தூக்கி மடியில போட்டு, பெருவெரல போன் முதுகுல வைக்கிறாளே, இவளுக்கு என்ன கோளாறுன்னுதான நெனைக்கிறீங்க? இதுக்குப் பேரு செக்யூரிட்டி. என் போன்ல இருந்து ஒரு பைசா எவனாலயும் எடுக்க முடியாது. கைரேகை வச்சவக போன்லயெல்லாம் எடுக்கலாம். கால்ரேகை வச்சவ போன்ல எடுக்க முடியுமா? சொல்லுங்க. சிரிக்காம சொல்லுங்க.

நீங்க எந்த ஊரு? கோயம்புத்தூரா? அப்பச் சரி, உங்ககிட்டச் சொல்லலாம். இத நான் வெளிய யாருகிட்டயும் சொல்றதில்ல. உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல இருக்கவகளுக்கு மட்டுந்தேன் தெரியும். அதுவும் நான் சொல்லித் தெரியல, அவகளா பாத்துத் தெரிஞ்சுக்கிட்டாக.

நான் பஸ் ஸ்டாண்டு வாசல்ல பூ விக்கிறவ. ஒச்சம்மான்னு கேட்டா யாரும் கை காட்டுவாக. எங்க பக்கம் பூக் கட்டுறதப் பாத்துருக்கீங்களா? நாரோட ஒரு முனைய இந்தப் பெருவெரல்ல சுத்திக்கிட்டு, விறைப்பா இழுத்துப் புடிச்சுக் கட்டணும். அப்பத்தேன் கட்டு இறுக்கமா விழும், பூ ஒண்ணு கூட உதிராது. அதனால என் கால் பெருவெரலும் எனக்குச் சம்பாரிச்சுப் போடுற வெரல்தேன். பாருங்க, ஒரு வடு ஓடுது பாருங்க. தொட்டுப் பாக்க வேணாம், பாத்தாப் போதும்.

முன்னால சுருக்குப் பை இருந்துச்சு, சில்லறை இருந்துச்சு. இப்ப ஒரு மொழம் மல்லிக்குக் கூடப் போனத்தேன் நீட்டுறாக. நானும் கட்டம் கட்டமா இருக்க அட்டைய ஒட்டி வச்சுட்டேன். கூடவே பேசுற டப்பா ஒண்ணு. காசு வந்தா உடனே, இத்தன ரூவா வந்துருச்சுன்னு ஒரு பொம்பளக் கொரல்ல சொல்லும். எனக்கு ரொம்பப் புடிச்ச பொம்பள அவதேன். பொய் சொல்ல மாட்டா, பொறணி பேச மாட்டா, ஒரு மொழம் கூட ஓசி கேக்க மாட்டா.

நான் எங்கண்ணே வீட்டுலதேன் இருக்கேன். பால்சாமின்னு பேரு. நல்ல மனுசன்க்கா. எனக்கு மாப்ள பாத்துப் பாத்தே அந்த மனுசன் எளைச்சுப் போனாரு. ஒருத்தன் வந்தான், பல்லு எடுப்புன்னாரு. ஒருத்தன் ஊரு தேனிக்கும் அங்கிட்டு, பொண்ணக் கண்ணுல பாக்க முடியாதுன்னாரு. ஒருத்தன்கிட்ட எந்தக் கொறையும் இல்ல. கொறையே இல்லாதவன நம்பக் கூடாதுன்னு அவனையும் திருப்பி அனுப்பிட்டாரு. இப்படி அலசி அலசி எனக்கு நாப்பது தாண்டிருச்சு. எந்த அண்ணனுக்குக்கா இம்புட்டு அக்கறை இருக்கும்? என் சம்பாத்தியத்துலதேன் வீடு ஓடுது, ஆனா ஒரு நாளாச்சும் அத வாய் விட்டுச் சொல்லி எனக்கு ஊர்க் கண்ணு பட வச்சிருப்பாரா? மாட்டாரு.

போன் நான் வாங்குனது. ஆனா ரகசிய நம்பர் போட்டுக் குடுத்தது அவருதேன். தங்கச்சிக்கு மறந்துரக் கூடாதுன்னு அவரு பொறந்த வருசத்தையே வச்சாரு. எங்கண்ணே பொறந்த வருசம் எனக்கு மறக்குமா? அவருக்கும் மறக்கல. அதுதேன் வெனையாப் போச்சு.

இந்தக் கைரேகை இருக்குல்ல, அது எனக்கு ஒழுங்காத் தெறக்காது. நாள் பூராம் ஈர நாரு, ஈரப் பூவு. வெரலு ஊறிப் போயி வழவழன்னு கெடக்கும். நான் வச்சா போன் முழிக்கும். ஆனா பாருங்க, மத்தியானம் வீட்டுக்கு வந்து கஞ்சியக் குடிச்சுட்டுக் கண்ணசந்தேன்னா கையி நல்லாக் காஞ்சுருமா? அப்ப எங்கண்ணே என் வெரலப் புடிச்சு வச்சா டக்குன்னு தெறந்துக்கிரும். என் போன் நான் வச்சாத் தெறக்காது, எங்கண்ணே வச்சாத்தேன் தெறக்கும். என்ன ராசியோ!

அவரு தப்பா எடுக்க மாட்டாரு. தேவைக்கு எடுப்பாரு, தேவையும் அடிக்கடி வரும். நானும் ஒண்ணும் கேட்டதில்ல. ஆனா சொந்தக்காரக வீட்டுக் காதுகுத்து ஒண்ணுக்கு எடுத்தாரு பாருங்க, அங்கதேன் எனக்கு வயிறு எரிஞ்சுச்சு.

எங்க ஊரு காதுகுத்துக்கு நீங்க வந்ததில்லேல்ல? செய்முறை எழுதுவோம், உங்க பக்கம் மொய்யிங்கிற மாதிரி. யாரு எம்புட்டு செஞ்சாகன்னு மைக்குல சொல்லுவாக. ஊருக்கே கேக்கும். இப்ப அங்கயும் அட்டை வச்சுட்டாக, போன்லயே செய்முறை. அன்னைக்கு நான் பந்தியில உக்காந்துருக்கேன். மைக்குல எங்கண்ணே பேரு சொல்றாக. தொகையச் சொன்னாக பாருங்க, பந்தியே திரும்பிப் பாத்துச்சு. எனக்குப் பெரும தாங்கல. பக்கத்து எலைக்காரிய இடிச்சு, ‘எங்கண்ணே, எங்கண்ணே’ன்னு சொல்லிக் கை தட்டுறேன். அந்தக் கையி சும்மா தட்டல, சாம்பார் தெறிக்கத் தட்டுச்சு.

மறுநா முகூர்த்தம். விடிய பூ மார்க்கெட்டுக்குப் போறேன். மல்லி, சம்மங்கி, கோழிக்கொண்டை எல்லாம் நிறுத்துக் கட்டியாச்சு. போனப் போட்டா, பணம் இல்லங்குது. நெட்டு இல்ல போலன்னேன். மார்க்கெட்காரரு தலையச் சொறிஞ்சுக்கிட்டு, ‘நெட்டு இருக்கும்மா, பணந்தேன் இல்ல’ங்கிறாரு. கட்டுன பூவப் பிரிச்சுத் திருப்பிக் கொட்டுனாருக்கா என் கண்ணு முன்னாடி. நெழலுக்கு ஒரு தகரக் கடை போடணும்னு சேத்து வச்ச காசு. வெயில்ல பூவும் வாடுது, நானும் வாடுறேன்னு சேத்த காசு. அதுக்குத்தேன் நான் கை தட்டியிருக்கேன்.

அழுகல. நான் அழுகுற சாதி இல்ல. கையில இருந்த சில்லறைக்குக் கொஞ்சம் மல்லியும் கதம்பப் பூவும் வாங்கிக்கிட்டு, நேரா செல்போன் கடைக்குப் போயிட்டேன்.

தங்கமாயன் செல்போன் சர்வீஸ்னு போர்டு இருக்கும், எங்க பூக்கடைக்கு எதுத்தாப்புல. தங்கமாயந்தேன் ஓனரு. எனக்கு நாலஞ்சு வயசு மூப்பு இருக்கும். தங்கச்சிகளையெல்லாம் கட்டிக் குடுத்துட்டு, தனக்குக் கட்டிக்க மறந்து போன ஆளு. வாயத் தெறந்து பேச மாட்டாரு. போனுக்குள்ள கண்ண விட்டுக்கிட்டே காலத்த ஓட்டிட்டாரு. தெனம் ஒரு மொழம் மல்லி வாங்குவாரு, கடையில இருக்க சாமி படத்துக்கு. ஒரே ஒரு சாமி படம், அதுவும் தீப்பெட்டி அளவு. அதுக்கு எதுக்கு ஒரு மொழமுன்னு நான் யோசிச்சுப் பாத்ததில்ல.

‘என் போன யாரும் தெறக்காம ஆக்கணும்ங்க’ன்னேன். யாருன்னு அவரு கேக்கல. நானும் சொல்லல. ஊருக்கே தெரிஞ்ச சங்கதிதேன்.

ரொம்ப நிதானமாச் சொல்லிக் குடுத்தாரு. ‘போனத் தெறக்க ஒரு பூட்டு, அது வெளிக்கதவு. பணம் அனுப்ப ஒரு நம்பரு, அது பீரோ. ரெண்டுக்கும் ஒரே சாவியப் போட்டா எப்படிங்க? நீங்க காசு வாங்குறதுக்கு யாரும் நம்பர் கேக்க மாட்டாக. உங்க காசு போறதுக்குத்தேன் கேப்பாக. பரிசு விழுந்துருக்கு, நம்பரப் போடுங்கன்னு எவனாச்சும் கூப்புட்டா பேசாம வச்சுருங்க’ன்னாரு. ‘எனக்கு யாருங்க பரிசு குடுக்கப் போறா’ன்னேன். அதுக்கு ஏன் அந்த மனுசன் மொகம் அப்படிப் போச்சுன்னு எனக்கு வெளங்கல.

‘பொறந்த நாளு, கல்யாண நாளு இதையெல்லாம் நம்பரா வைக்கக் கூடாதுங்க, ஈசியாக் கண்டுபுடிச்சிருவாக’ன்னாரு. கல்யாண நாளே இல்லாதவகிட்டச் சொல்றாரு பாருங்க! எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துருச்சு. அவருக்கும் காது செவந்து போச்சு. அப்பறம் போன என் கையில குடுத்து, ‘நீங்க போடுங்க, நான் திரும்பிக்கிறேன்’னு செவத்தப் பாத்துத் திரும்பி நின்னாருக்கா. எட்டிப் பாக்கல, ஓரக்கண்ணு விடல. போட்டாச்சான்னு கேட்டுட்டுத்தேன் திரும்புனாரு. எம்பொழப்புல என் பொருள நானே பூட்டிக்கிறட்டும்னு திரும்பி நின்ன மொத ஆம்பள அவருதேன்.

பீரோ பூட்டியாச்சு. வெளிக்கதவுக்கு என்ன செய்யிறது? நம்பர் போட்டா ஒவ்வொரு ஏவாரத்துக்கும் அமுக்கிக்கிட்டு இருக்கணும். கைரேகை வச்சா, தூங்குனா போச்சு. மொகத்தக் காட்டித் தெறக்கலாம்னாரு. தூங்கும்போது மூஞ்சிக்கு நேராப் புடிச்சா? கண்ணு தெறந்துருந்தாத்தேன் தெறக்கும்னு வைக்கலாமாம், ஆனா என் போன் பழசு, அதுக்கு அந்த வித்தை தெரியாதாம். ரெண்டு பேரும் யோசிக்கிறோம். நான் சும்மா உக்கார மாட்டேனே, அவரு கடை முக்காலியில உக்காந்து மிச்சம் இருந்த கதம்பத்தக் கட்டிக்கிட்டு இருக்கேன், கால் வெரல்ல நாரச் சுத்தி. அவரு என் காலப் பாத்தாரு. போனப் பாத்தாரு. திரும்பக் காலப் பாத்தாரு.

‘கால் வெரல வச்சுப் பாப்பமா?’ன்னாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யோசிச்சா சரியாத்தேன் இருக்கு. எங்கண்ணே தலகீழா நின்னாலும் கால நெனைக்க மாட்டாரு. சரின்னுட்டேன். அவரு கடைக்கு வெளிய வந்து, எனக்கு முன்னாடி குத்த வச்சு உக்காந்து, போன் கண்ணாடி தொடைக்கிற மஞ்சத் துணிய எடுத்து என் பெருவெரலத் தொடைச்சாரு. தொடைச்சுட்டு, கணுக்கால ஒரு கையில தாங்கி, போன இன்னொரு கையில புடிச்சு, வெரல அதுல வச்சாரு. அந்தப் போனு ஒரு தடவையில விடுதா? எடுத்து வைங்குது. திரும்ப எடுத்து வைங்குது. ஓரமா வை, நடுவுல வைங்குது. அந்த மனுசனும் எடுத்து எடுத்து வைக்கிறாரு. நட்ட நடு பஸ் ஸ்டாண்டு. பட்டப் பகலு.

வாழையெல விக்கிற முத்துப்பிள்ளையக்கா கண்ணுல பட்டுச்சு. அதுக்கு வாயா அது, தார டமாரம். ‘அடியே ஒச்சம்மா! காலப் புடிச்சாச்சு, அம்மி எங்கடி?’ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, தேனி பஸ்ஸுல ஏறுனவக எல்லாம் எறங்கிட்டாக. ‘அருந்ததி பாத்தாச்சா? இந்தா நான் காட்டுறேன்’னு லைட்டுக் கம்பத்தக் காட்டுது. டீக்கடைக்காரரு தட்டத் தட்டி மேளம் அடிக்கிறாரு. டிரைவரு ஆரனை விட்டு விட்டு அடிக்கிறாரு, நாயனமாம் அது. முத்துப்பிள்ளையக்கா ஓடி வந்து என் கூடையிலருந்தே உதிரிப் பூவ அள்ளி எங்க தல மேல வீசிருச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அம்புட்டும் காசு குடுத்து வாங்குன மல்லி!

அவரு நிமுரவே இல்ல. தல நெறைய மல்லியோட, ‘இன்னும் ஒரே ஒரு தடவங்க’ன்னாரு. எனக்கு மூஞ்சியெல்லாம் சுட்டுச்சு. சித்திர வெயிலு என்னா வெயிலு!

அப்பறம் போன் ஒரு டிக்கு போட்டுச்சு. ஆச்சுன்னாரு. ஆகியும் கொஞ்ச நேரம் காலப் புடிச்சுக்கிட்டுத்தேன் இருந்தாரு. டெஸ்ட் பண்ணுனாரு போல.

அந்த வாரமே எங்கண்ணே தேவைக்கு வந்தாரு. நான் கண்ண மூடிப் படுத்துருக்கேன், தூங்கல. மொள்ள வந்து என் வலது பெருவெரல எடுத்து வைக்கிறாரு. தெறக்கல. சட்டையில தொடைச்சுட்டு வைக்கிறாரு. தெறக்கல. ஆள்காட்டி வெரலு. நடு வெரலு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு குமுறுது, குறட்டை விடுற மாதிரி சத்தத்த மாத்திக்கிட்டேன். இடது கைக்கு வந்துட்டாரு. அதுக்குள்ள போன் கோவிச்சுக்கிட்டு டுர்ருன்னு ஒதறுது, நம்பரப் போடுங்குது. நான் மாத்தி வச்சது தெரியாம அவரு பொறந்த வருசத்தப் போட்டுப் பாத்தாரு. அவரே பொறக்கலங்கிற மாதிரி போன் கையை விரிச்சிருச்சு. கடைசியில என் கையப் புடிச்சுக்கிட்டே உக்காந்துருந்தாரு பாவம். நாடி பாக்குறாரோன்னு கூட நெனச்சேன். அம்புட்டுப் பாசமுள்ள மனுசன்.

இப்ப அந்த ஒரு ரூவா கதைக்கு வாரேன். பூட்டுப் போட்ட மறுநா காலையில கடைய விரிச்ச உடனே டப்பா பேசுது. ஒரு ரூவா வந்துருச்சாம். யாருடா ஒரு ரூவாய்க்குப் பூ வாங்குனதுன்னு பாத்தா, தங்கமாயன். எதுத்த கடையில தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. போயி கேட்டேன். ‘லைன் வேல செய்யுதான்னு செக் பண்ணுனேங்க’ன்னாரு. பொறுப்பான மனுசன்லக்கா? நமக்கு எவரு காசும் வேணாம், கால வச்சுத் தெறந்து அந்த ஒரு ரூவாயத் திருப்பி அனுப்பிட்டேன். அவரு கடையில டிங்குன்னுச்சு. மறுநாளும் அனுப்புனாரு. நானும் திருப்புனேன். தெனமும் இதேதேன். ஞாயித்துக்கெழம கடை லீவு, அன்னைக்கும் ஒரு ரூவா வரும். இம்புட்டுக்கு ஒரு போன எந்தக் கம்பெனியில செக் பண்ணுவாக, சொல்லுங்க?

ஒரு நா வரல.

கடைய விரிச்சாச்சு, டப்பாவப் பாத்துக்கிட்டே இருக்கேன், பேசல. மத்தவக காசெல்லாம் வருது, இருவது ரூவா, அம்பது ரூவான்னு. அதெல்லாம் ஒரு காசா? கதம்பத்துல மரிக்கொழுந்து வைக்க மறந்துட்டேன். ஒரு மொழம் கேட்டவளுக்கு ரெண்டு மொழம் அளந்துட்டேன். முத்துப்பிள்ளையக்கா, என்னடி ஆச்சுங்குது. நெட்டுல ஏதோ கோளாறுக்கான்னேன். ‘உன் நெட்டு காச்சல்ல படுத்துருக்குடி, நேத்தே கடைய மூடிட்டுப் போச்சு’ங்குது. எனக்கு அந்தக்காவோட பேச்சே புடிக்காது. ஆனா பாருங்க, லைன் கெட்டுப் போச்சுன்னா ஏவாரம் கெட்டுப் போகும்ல? அதனால ஒரு தூக்குல ரசத்த ஊத்திக்கிட்டு அவரு வீட்டுக்குப் போயி, ‘என்னங்க, இன்னைக்குச் செக் பண்ணல?’ன்னு கேட்டேன். போர்வைக்குள்ளருந்து கைய நீட்டி, போன எடுத்து, ஒரு ரூவா அனுப்புனாரு. அப்பறந்தேன் எனக்கு மூச்சே வந்துச்சு. மூச்சுன்னா, ஏவாரத்துக்கு.

இதெல்லாம் எங்கண்ணே காதுக்குப் போகாம இருக்குமா? காலப் புடிச்சதுலருந்து ரசம் வரைக்கும் யாரோ ஒண்ணு விடாம ஓதிட்டாக. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டாரு. ‘எந்தங்கச்சி காலத் தொட்டவன் எவன்டா?’ன்னு ஒரு சத்தம். தங்கமாயன் எந்திரிச்சு நின்னு, ‘சர்வீஸுங்க’ன்னாரு. அம்புட்டுத்தேன் சொன்னாரு.

எங்கண்ணே என் மடியிலருந்த போனப் புடுங்கி தங்கமாயன் மேசையில வச்சாரு. ‘அந்தக் காலு வெரல எடு. எடுத்துட்டு என் வெரல வையி. இனிமே இது என் வெரலுக்குத்தேன் தெறக்கணும்’னாரு. கையையும் நீட்டிட்டாரு, ரேசன் கடையில நீட்டுற மாதிரி.

எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறாக. டீக்கடையில கிளாசு சத்தம் கூட இல்ல. அவரு வெரல வச்சுட்டா, அது இனிமே எங்கண்ணே போனு. பூ என்னுது, நாரு என்னுது, வெயிலு என்னுது, டப்பா சொல்ற காசு மட்டும் அவருது. கடைசி வரைக்கும் அப்படித்தேன். தங்கமாயன் போனத் தொடல. எங்கண்ணனப் பாக்கல. என்னப் பாத்துக் கேட்டாரு.

‘போன் உங்களுது. நீங்க என்ன சொல்றீங்க?’

என்னைய இதுக்கு முன்னாடி யாரும் அப்படிக் கேட்டதில்லக்கா. பல்லு எடுப்பா இருந்தவன நான் பாக்கவே இல்ல, தேனிக்கு அங்கிட்டு இருந்தவன் மூஞ்சி கூடத் தெரியாது. கொறையே இல்லாதவன் வந்து போனதே அவன் போனப் பெறகுதேன் எனக்குத் தெரியும். நீ என்ன சொல்றன்னு ஒருத்தரும் கேக்கல. குனிஞ்சு என் காலப் பாத்தேன். பெருவெரலப் பாத்தேன். அதுக்குப் பக்கத்து வெரலையும் பாத்தேன். ஒரு சந்தேகம் வந்துருச்சு. சந்தேகம்னா கேட்டுரணும்ல?

‘ஏங்க, மெட்டி போட்டா இது தெறக்குமா?’ன்னு கேட்டேன்.

நெசமாத்தேன்க்கா கேட்டேன். மெட்டி ரெண்டாவது வெரல்லதேன் கெடக்கும், ஆனா சைடுல ஒரசும்ல? ஒரசுனா ரேகை விழுமா விழாதா? டெக்கினிக்கலாத்தேன் கேட்டேன்.

தங்கமாயனுக்கு நெத்தி வேர்த்துக் கொட்டுது. அந்த மஞ்சத் துணிய எடுத்து மூஞ்சியத் தொடைச்சாரு. போனப் பாத்தாரு, என் காலப் பாத்தாரு. ரொம்ப நிதானமாச் சொன்னாரு.

‘போட்டுப் பாத்தாத்தேங்க தெரியும்.’

முத்துப்பிள்ளையக்கா போட்டுச்சு பாருங்க ஒரு கொலவை! வாழையெலக் கட்டு சரிஞ்சு ரோட்டுல விழுந்துருச்சு, அதப் பத்திக் கூடக் கவலப்படாம கொலவ போடுது. டீக்கடைக்காரரு தட்ட எடுத்துட்டாரு. டிரைவரு ஆரனை அடிக்கிறாரு. இந்தத் தடவ பூவ நானே அள்ளி வீசிட்டேன்க்கா, ஏன் வீசுனேன்னு தெரியல, கையி தானா வீசிருச்சு. ரெண்டு கூடையும் காலி. ஏவாரம் பூராம் போச்சு. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு, கண்ணுல தண்ணி வேற. அழுகுற சாதி இல்லன்னு சொன்னேன்ல, அது சிரிப்புத் தண்ணி.

எங்கண்ணே நீட்டுன கையி நீட்டுனபடி நிக்கிறாரு. அவரு கண்ணுலயும் தண்ணி. சந்தோசந்தேன், வேற என்ன? இத்தன வருசமாத் தேடுன மாப்ள எதுத்த கடையிலயே இருந்துருக்காருல்ல. டீ கூடக் குடிக்காம விறுவிறுன்னு போயிட்டாரு. இன்னும் என்கிட்டப் பேசல. பேசுவாரு. எங்க கல்யாணத்துக்கு அவரு பேருல நானே ஒரு பெரிய தொகையச் செய்முறை எழுதி, மைக்குல மூணு தடவ சொல்லச் சொல்லியிருக்கேன். பால்சாமி, பால்சாமின்னு கேட்டா எங்க இருந்தாலும் வந்துருவாரு. அந்தக் காசு என் போன்லருந்துதேன் போகும். ஆனா இந்தத் தடவ நானே தெறந்து, நானே அனுப்புவேன்.

ஆமாக்கா, இப்ப மதுரைக்குப் போறது வெள்ளிக்கடைக்குத்தேன். மெட்டி எடுக்க. கல்யாணம் ஆவணியிலதேன், அதுக்குள்ள செக் பண்ணிக்கிறணும்ல? அளவு சரியா இருக்கணும், ஒரசக் கூடாது. கடையிலயே போட்டு, போனத் தெறந்து பாத்துட்டுத்தேன் வாங்கணும்னு அவுக சொல்லிட்டாக. எல்லாம் செக்யூரிட்டிக்குத்தேன். கல்யாண நாள மட்டும் நம்பரா வச்சுராதன்னும் சொல்லியிருக்காக. நான் ஏன் வைக்கப் போறேன்? நான் இப்ப மாத்தி வச்சுருக்கது வேற நாளு. யாராலயும் கண்டுபுடிக்க முடியாத நாளு. மஞ்சத் துணியும் மல்லியுமா ஒரு நாளு... அட, போங்கக்கா, அத மட்டும் கேக்காதீங்க.

அந்தா, முன் சீட்டுல வாயத் தெறந்துக்கிட்டுத் தூங்குதே, அதுதேன் முத்துப்பிள்ளையக்கா. எங்களுக்குத் தொணையாம். அவுகளா? பின்னாடி படிக்கிட்ட, கட்டம் போட்ட சட்டை. திரும்பாதீங்க, திரும்பாதீங்க, வெக்கப்பட்டு எறங்கிருவாக! மொள்ள, சேலையச் சரி பண்ணுற மாதிரிப் பாருங்க. பாத்தீங்களா?

நான் உக்காந்ததும் ஒரு ரூவா வந்துச்சுன்னேன்ல, அது அங்கருந்து வந்ததுதேன். எடம் கெடச்சுருச்சான்னு செக் பண்ணுறாக. இம்புட்டு நாளா வந்த ரூவாய வந்த கையோட திருப்பிட்டேன், ஒண்ணு கூட வச்சுக்கிட்டதில்ல. இன்னைக்கு உங்ககிட்டப் பேசிக்கிட்டே இருந்துட்டேன், அனுப்பல. இப்ப நெனச்சாலும் அனுப்பலாம், செருப்புக் கூடக் கழட்டித்தேன் கெடக்கு.

அனுப்பலக்கா. இத நானே வச்சுக்கிறேன்.

அங்க பாருங்க, டிங்கு சத்தம் வரலேன்னதும் நெட்டு போயிருச்சுன்னு நெனச்சுக்கிட்டு, போன ஜன்னலுக்கு வெளிய நீட்டி நீட்டிப் பாக்குறாக. நீட்டட்டும். வெள்ளிக்கடையில போயிச் சொல்லிக்கிறேன்.